புதிய மருத்துவக் கல்லூரியை எங்கே கட்டுவது? இடத்தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகம் ஒன்று மருத்துவக் கல்லூரி தொடங்க முடிவெடுத்ததும், பெரும்பாலும் முதலில் மேசைக்கு வருவது ஒரு நில வரைபடம்தான். யாரோ இலவசமாகத் தர முன்வந்த நிலமாக இருக்கும்; அல்லது வளாகத்தின் ஓரத்தில் சும்மா கிடக்கும் நிலமாக இருக்கும். அங்கிருந்து தொடங்கினால், அதற்குப் பிறகு நடக்கும் ஆய்வெல்லாம் அந்த நிலத்துக்குக் காரணம் தேடுவதாகவே முடிந்துவிடும்.

மருத்துவக் கல்லூரிக்கு முதலில் வேண்டியது நோயாளிகள். அடுத்தது, கற்றுத்தர நேரமும் மனமும் உள்ள மருத்துவர்கள். நிலம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. முதல் ஐந்து படிகள் முடியும்வரை குழுவில் யாரும் எந்த நிலத்தையும் பார்க்கப் போகவேண்டாம். ஒருமுறை நேரில் பார்த்துப் பிடித்துப்போன இடத்தை எண்களைக் காட்டி விடவைப்பது மிகக் கடினம்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

- அங்கீகாரம் தரும் அமைப்பின் நடப்பு விதிகள், முழு உரையாக. சுருக்கக் குறிப்புகள் போதாது.
- பயிற்சிக்குப் பயன்படக்கூடிய ஒவ்வொரு மருத்துவமனையின் கடந்த 24 மாதக் கணக்கு: துறைவாரியாக உள்நோயாளிகள், புறநோயாளிகள், பிரசவங்கள், அறுவை சிகிச்சைகள், படுக்கை நிரம்பிய விகிதம். மாதவாரியாக வாங்குங்கள். ஆண்டுச் சராசரி பருவகால ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும்.
- அதே மருத்துவமனைகளில் இப்போது பயிலும் செவிலிய, மகப்பேறு உதவியாளர், இயன்முறை மாணவர்கள், பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் அனைவரின் பட்டியல்.
- எந்தத் துறையில் எத்தனை வாரம் என்று சொல்லும் பாடத்திட்ட வரைவு.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள். குறிப்பாக மூன்றாவது பட்டியலை யாரும் தாமாகத் தரமாட்டார்கள், கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

1. யார் முடிவெடுப்பார் என்பதை எழுதிவையுங்கள்

ஆய்வுக்குழு பரிந்துரைக்கும், முடிவெடுப்பது வேறொரு அவை. இந்தப் பிரிவினை எழுத்தில் இல்லாவிட்டால், கடைசி மாதத்தில் புதிதாக ஓர் இடம் பட்டியலுக்குள் நுழையும்.

குழுவில் மாணவர் போஸ்டிங்கை (ஒரு துறையில் மாணவர் சில வாரம் பெறும் மருத்துவமனைப் பயிற்சியை) நேரடியாக நடத்திய மருத்துவர் ஒருவர், பாடத்திட்டம் தெரிந்தவர், கட்டடக் கலைஞர், கட்டுமானப் பொறியாளர், நிதி அலுவலர், சொத்துச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஆகியோர் வேண்டும். மூத்த செவிலியர் ஒருவரையும் கட்டாயம் சேருங்கள். எந்த வார்டில் எந்த நேரத்தில் எத்தனை மாணவர் நிற்கிறார்கள், எங்கே இடமே இல்லை என்பது அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

பரிசீலனைப் பகுதிகளில் தமக்கோ உறவினருக்கோ சொத்து உண்டா என்பதை ஒவ்வொருவரும் முதல் கூட்டத்திலேயே எழுதித் தரட்டும்.

2. பாடத்திட்டத்தை எண்களாக மாற்றுங்கள்

ஆண்டுக்கு எத்தனை மாணவர்? எத்தனை ஆண்டுப் படிப்பு? ஐந்தாண்டுப் படிப்பில் ஆண்டுக்கு 100 பேர் என்றால், கல்லூரி முழுமையாக இயங்கும்போது வளாகத்தில் 500 பேர் இருப்பார்கள். தேர்வில் தவறியவர்கள் தனி. முதல் அணியின் 100 பேரை மனத்தில் வைத்து இடம் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. நெருக்கடி தெரியவரும்போது ஐந்தாம் ஆண்டு ஆகியிருக்கும். பக்கத்து நிலமும் கைவிட்டுப் போயிருக்கும்.

கட்டடப் பரப்பிலும் இதே போன்ற பிழை நேர்கிறது. வகுப்பறை, ஆய்வகம், நூலகம் எல்லாம் கூட்டினால் வருவது பயன்படு பரப்பு மட்டுமே. நடைபாதை, படிக்கட்டு, மின்தூக்கி, காற்றுக் குழாய்கள், சுவர்கள் சேரும்போது, ஆய்வகம் மிகுந்த கட்டடத்தில் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் பயன்பாட்டுக்கு மிஞ்சும். 12,000 சதுர மீட்டர் பயன்படு பரப்பு வேண்டுமானால் 20,000 சதுர மீட்டர் கட்டவேண்டும். நிலத்தின் அளவை இந்த இரண்டாவது எண்ணிலிருந்து கணக்கிடுங்கள்.

கல்லூரியின் அமைப்பையும் இங்கேயே முடிவுசெய்யுங்கள். எல்லாம் ஒரே வளாகத்திலா, அடிப்படை அறிவியல் பல்கலைக்கழகத்திலும் மருத்துவப் பயிற்சி மருத்துவமனை அருகிலுமா, அல்லது பல ஊர்களில் பரவலாகவா? கனடாவின் வடக்கு ஒன்டாரியோ மருத்துவக் கல்லூரி 2005இல் தொடங்கியபோதே சட்பரி, தண்டர் பே என்று ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு விலகிய இரு நகரங்களில் இயங்கியது. பரவலான அமைப்பு சாத்தியமானதுதான். ஆனால் அதற்கு இரட்டை நிர்வாகமும் உறுதியான காணொளி இணைப்பும் வேண்டும். இடம் கிடைக்காததால் பிரிந்து கிடப்பதும், பிரித்தே திட்டமிடுவதும் ஒன்றல்ல.

3. அங்கீகார விதிகளில் எண் உள்ள வரிகளையெல்லாம் தனியே எடுங்கள்

படுக்கைகள், அவை நிரம்பும் விகிதம், கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான அதிகபட்சத் தூரம் அல்லது நேரம், மருத்துவமனை எத்தனை ஆண்டு இயங்கியிருக்கவேண்டும், நிலம் யார் பெயரில் இருக்கவேண்டும், குத்தகை செல்லுமா: இப்படி ஒவ்வொரு வரியும் ஓர் இடத்தை ஒரே அடியில் நீக்கவல்லது. அட்டவணையாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த ஆவணம் சான்றாகும் என்று எழுதுங்கள். விதி இருபொருள்பட இருந்தால் அமைப்புக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைத்த விளக்கம் ஆய்வாளர் வரும் நாளில் உதவாது.

4. நோயாளிகளை எண்ணுங்கள்

மொத்த வேலையில் அதிக உழைப்பு கேட்கும் படி இதுதான். புதியவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான்.

படுக்கை எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள். 600 படுக்கையில் பாதிதான் நிரம்புகிறது என்றால் மாணவருக்குக் கிடைப்பது 300 நோயாளிகள். அவர்களிலும் ஒரே நாளில் வந்து திரும்புவோர் உண்டு, பேசும் நிலையில் இல்லாத தீவிர சிகிச்சை நோயாளிகள் உண்டு, மாணவர் பரிசோதிக்கச் சம்மதிக்காதவர்களும் உண்டு.

சரியான கணக்கு துறைவாரியாகப் போடுவது. மகப்பேற்றுத் துறையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலும் முதலில் இடிப்பது அங்கேதான். ஆண்டுக்கு 100 மாணவர், ஒவ்வொருவருக்கும் 8 வாரப் போஸ்டிங் என்றால் மொத்தம் 800 மாணவர்-வாரங்கள். பயிற்சி நடக்கும் வாரங்கள் ஆண்டுக்கு 44 என்று கொண்டால், எந்த வாரத்திலும் சுமார் 18 பேர் அந்தத் துறையில் இருப்பார்கள். ஒவ்வொருவரும் 10 பிரசவங்களில் பங்கேற்கவேண்டும் என்று வையுங்கள். 18 பேருக்கு 8 வாரத்தில் 180 பிரசவம். வாரத்துக்கு 22 முதல் 23.

இதோடு நிறுத்தினால் தவறான விடைதான் கிடைக்கும். அதே பிரசவ அறையில் மகப்பேறு உதவியாளர் மாணவர்களுக்கும் எண்ணிக்கை நிறைய வேண்டும். பட்டமேற்படிப்பு மருத்துவர்களுக்கும் வேண்டும். சில தாய்மார் மாணவர் வேண்டாம் என்பார்கள். மூன்றில் ஒரு பிரசவம்தான் உங்கள் மாணவருக்குக் கிடைக்கும் என்றால், வாரத்துக்குச் சுமார் 68, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 பிரசவம் நடக்கும் மருத்துவமனை தேவை. ஒரு மருத்துவமனையில் 1,500தான் என்றால் அது தனியாகத் தாங்காது. இரண்டாவது மருத்துவமனை வேண்டும். அல்லது சேர்க்கையைக் குறைக்கவேண்டும்.

இதே கணக்கைக் குழந்தை மருத்துவம், மனநலம், அவசர சிகிச்சை, பொது அறுவை ஆகியவற்றுக்கும் தனித்தனியே போடுங்கள். மிகக் குறைந்த எண்ணைத் தரும் துறைதான் அந்த மருத்துவமனையின் உண்மையான கொள்ளளவு.

நோயின் வகையும் முக்கியம். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பேர்பெற்ற மருத்துவமனை, இளநிலை மாணவருக்குப் பயிற்சியிடமாகப் போதாமல் போகலாம். அவர்கள் பார்க்கவேண்டியவை நிமோனியா, வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவு, நீரிழிவு, மாரடைப்பு. இவை வரும் பொது மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார மையங்களும் பட்டியலில் இருந்தே ஆகவேண்டும்.

எண்களை நேரில் சரிபாருங்கள். சாதாரண வேலைநாள் ஒன்றில் காலை 10 மணிக்கு வார்டுக்குப் போங்கள். ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை மாணவர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஆறு பேருக்கு மேல் நின்றால் கடைசி வரிசைக்கு நோயாளியின் முகம்கூடத் தெரியாது. அங்கே இன்னும் 18 பேரைச் சேர்க்க வழியில்லை. புறநோயாளி அறையையும் அளந்துபாருங்கள். மருத்துவர், நோயாளி, உடன் வந்தவர், பரிசோதனைக் கட்டில் இவற்றோடு நிறைந்துவிடும் 9 சதுர மீட்டர் அறையில் மூன்று மாணவர் நிற்க இடமிருக்காது. வளாகம் எவ்வளவு பெரிதானாலும் இந்த அறைகளைப் பெரிதாக்காமல் பயிற்சி நடக்காது. அந்தச் செலவும் உங்கள் கணக்கில் வரவேண்டும்.

5. கற்றுத்தரும் மணிநேரங்களைக் கணக்கிடுங்கள்

மருத்துவமனையில் 120 மூத்த மருத்துவர்கள் இருப்பது 120 ஆசிரியர்கள் இருப்பதாகாது. பாதிப்பேர் முன்வந்து, ஆளுக்கு வாரம் 3 மணி நேரம் தந்தால் கிடைப்பது 180 மணி. பயிற்சியில் இருக்கும் 100 மாணவரை ஆறு பேர் குழுக்களாகப் பிரித்தால் 17 குழுக்கள். குழுவுக்கு வாரம் 12 மணி கட்டிலருகே கற்பித்தல் வேண்டும் என்றால் தேவை 204 மணி. 24 மணி நேரம் பற்றாக்குறை. ஒரே நேரத்தில் இரண்டு அணிகள் வார்டில் இருக்கும் பாடத்திட்டமானால் தேவை இரட்டிப்பாகும்.

முன்வருவார்களா என்பதை நிர்வாகத்திடம் கேட்காதீர்கள். துறைத்தலைவர்களிடம் ஒவ்வொருவராகக் கேளுங்கள். அடிப்படை அறிவியல் ஆசிரியர்கள் பற்றிய கேள்வி வேறு: அவர்கள் குடும்பத்தோடு இடம்பெயர வேண்டியவர்கள். வாழ்க்கைத் துணைக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி, வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில் நியமன ஆணை வாங்கியவர்கள்கூட வந்து சேரமாட்டார்கள்.

6. நீண்ட பட்டியல், பிறகு கட்டாய வடிகட்டி

போதுமான நோயாளிகள் உள்ள மருத்துவமனைகள் தெரிந்துவிட்டன. இப்போது அவற்றைச் சுற்றி நிலம் தேடலாம். எட்டு முதல் பன்னிரண்டு இடங்கள் போதும். பல்கலைக்கழகத்தின் சொந்த நிலமும் அதில் ஒன்றாக, மற்றவற்றுக்கு உள்ள அதே நிபந்தனைகளோடு நிற்கட்டும்.

மதிப்பெண் போடும் முன் ஆம்-இல்லை கேள்விகளால் வடிகட்டுங்கள். அங்கீகார விதிகள் அனைத்தையும் நிறைவேற்றுமா? உரிமையில் வில்லங்கம் இல்லையா? நிலப் பயன்பாட்டு விதி கல்விக்கும் மருத்துவத்துக்கும் இடம் தருகிறதா? 500 ஆண்டு வெள்ள எல்லைக்கு வெளியே உள்ளதா? தண்ணீரும் மின்சாரமும் குறித்த தேதிக்குள் வருமா? விரிவாக்கத்துக்கு ஒட்டிய நிலம் உண்டா? ஒன்றுக்கு “இல்லை” என்றாலும் அந்த இடம் வெளியே.

இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மதிப்பெண் முறையில் ஒரு நல்ல குணம் ஒரு கொல்லும் குறையை மூடிவிடும். வெள்ளத்துக்குப் பூஜ்யமும் விலைக்குப் பத்தும் வாங்கிய நிலம் சராசரியில் தேறிவிடக்கூடாது.

வெள்ளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். “100 ஆண்டு வெள்ளம்” என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் என்று பொருளில்லை; ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. 50 ஆண்டு நிற்கும் கட்டடத்துக்கு அது கிட்டத்தட்ட 40 சதவீதமாகிறது. 500 ஆண்டு அளவை எடுத்தால் அதே 50 ஆண்டில் சுமார் 10 சதவீதம். மருத்துவக் கட்டடத்துக்கு இரண்டாவது அளவுகோலே பொருந்தும்.

2001 ஜூனில் ஹூஸ்டனின் மருத்துவ வளாகத்தை ஆலிசன் புயல்மழை மூழ்கடித்தபோது, மருத்துவக் கல்லூரிகளின் அடித்தளத்தில் இருந்த ஆயிரக்கணக்கான ஆய்வு விலங்குகள் இறந்தன. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்ததால் நீரில் மூழ்கின. ஊழியர்கள் படிகளில் கைமாற்றி எரிபொருளைச் சுமந்து ஏற்றினார்கள். ஆகவே தாழ்வான நிலத்தைப் பார்க்கும்போது “ஜெனரேட்டரை மேலே வைத்துவிடலாம்” என்று சொல்லி வடிகட்டியைத் தளர்த்தாதீர்கள்.

7. பயண நேரத்தை ஓடிப் பார்த்து அளவிடுங்கள்

வரைபடச் செயலி காட்டும் நேரத்தை எடுக்காதீர்கள். வேலைநாள் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும், மழைநாளிலும், மாணவர் உண்மையில் செல்லும் வாகனத்தில் சென்று அளவிடுங்கள். விடுதி வாசலிலிருந்து வார்டு வாசல்வரை என்பதே சரியான அளவு. நிறுத்துமிடத்திலிருந்து நடக்கும் பத்து நிமிடமும் அதில் அடங்கும்.

ஒரு வழிக்கு 40 நிமிடம் என்றால் நாளுக்கு 80 நிமிடம், வாரத்துக்கு 400 நிமிடம், 40 வாரத்தில் 266 மணி நேரத்துக்கு மேல். மாணவர் படிப்பிலிருந்து போகும் நேரம் இது. மருத்துவர்களோ இந்த நேரத்தைத் தரவே மாட்டார்கள். பிற்பகல் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். இரவுப் பணிக்குச் செல்லும் மாணவியருக்கு அந்த நேரத்தில் பாதுகாப்பான வாகனம் உண்டா என்பதையும் இரவிலேயே சென்று பாருங்கள்.

8. மிஞ்சிய மூன்று நான்கு இடங்களை மண்ணோடு சோதியுங்கள்

*மண்.* நான்கு மூலைகளிலும் நடுவிலுமாகக் குறைந்தது ஐந்து துளையிட்டுப் பாருங்கள். நிலத்தடி நீர்மட்டத்தை மழைக்காலத்தில் அளவிடுங்கள். கோடையில் அளந்துவிட்டு அடித்தளம் வரைந்தால் கட்டும்போது பம்ப் நிற்காது.

*அதிர்வு.* ரயில் பாதையோ கனரக வாகனச் சாலையோ அருகில் இருந்தால் முழு 24 மணி நேரம் அளவிடுங்கள். சரக்கு ரயில்கள் இரவில் போகக்கூடும். உருப்பெருக்கி ஆய்வகங்களுக்கு அதிர்வு ஆகாது. எம்.ஆர்.ஐ. கருவிக்கு அதிர்வும் ஆகாது, அருகில் நகரும் பெரிய இரும்புப் பொருளும் ஆகாது.

*மின்சாரம்.* இரண்டு இணைப்பு தருகிறோம் என்பார்கள். இரண்டும் ஒரே துணை மின் நிலையத்திலிருந்து வந்தால் அது ஓர் இணைப்புதான். வெவ்வேறு நிலையங்களா, கம்பிகள் வெவ்வேறு பாதையில் வருகின்றனவா என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

*தண்ணீர்.* மருத்துவமனையும் சேர்த்துக் கட்டுவதானால், படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் என்று வைத்தாலே 600 படுக்கைக்கு 2,70,000 லிட்டர். மாணவர் விடுதி தனி. “தண்ணீர் வசதி உண்டு” என்ற கடிதத்தை ஏற்காதீர்கள். எத்தனை லிட்டர், எந்த ஆண்டிலிருந்து என்று எண்ணோடு வாங்குங்கள்.

*உடற்கூறியல் கூடம்.* இதை நினைக்காமல் நிலம் வாங்கிவிட்டு வருந்துவோர் பலர். கொடையாக வந்த உடல்களை ஏற்றிவரும் வண்டி பொதுமக்கள் கண்ணில் படாமல் உள்ளே வர, பிரதான வாயில் அல்லாத இரண்டாவது சாலை வழி வேண்டும். உடல் தந்த குடும்பத்துக்கு நாம் காட்டவேண்டிய மரியாதை இது. கூடத்திலிருந்து, உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கலந்த காற்று வெளியேறும் புகைபோக்கி, ஆண்டில் பெரும்பகுதி காற்று வீசும் திசையில் மருத்துவமனையின் காற்றுவாங்கியையோ பக்கத்து வீடுகளின் சன்னல்களையோ நோக்கி இருக்கக்கூடாது. ஒற்றைச் சாலை மட்டும் உள்ள குறுகிய நிலத்தில் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வது கடினம்.

9. பட்டதாரிகள் எங்கே பணியாற்றவேண்டும் என்று கேளுங்கள்

மருத்துவர் இல்லாத பகுதிகளுக்கு மருத்துவர் தருவது உங்கள் நோக்கமானால், அது இடத்தேர்விலேயே தெரியவேண்டும். மருத்துவக் கல்வி நிலையங்களைக் கிராமப்பகுதிகளுக்கு அருகில் அமைக்குமாறு உலக சுகாதார அமைப்பு தன் 2021 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 2000இல் முதல் மாணவரைச் சேர்த்த ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி அந்த நோக்கத்தோடு அமைந்தது.

ஆனால் கட்டடத்தை மட்டும் சிற்றூரில் வைத்துவிட்டு, மாணவரை முழுவதும் பெருநகரிலிருந்து எடுத்து, பயிற்சியையும் பெருநகர மருத்துவமனையில் நடத்தினால் பலன் இராது. சேர்க்கை, பயிற்சி, இடம் மூன்றும் ஒரே பக்கம் இழுக்கவேண்டும். நான்காம் படியின் கணக்கு இங்கேயும் தளராது. நோயாளிகள் குறைவென்றால் சேர்க்கையைச் சிறிதாக்கிப் பல சிறு மருத்துவமனைகளை இணையுங்கள்.

10. எடைகளை முதலில், மதிப்பெண்ணைப் பிறகு

எடைகளை நிலங்களின் பெயர் தெரியாதவர்கள் நிர்ணயிப்பது நல்லது. பெயர் தெரிந்தபின் போடும் எடை, பிடித்த இடத்துக்கு ஏற்ப வளைந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, நோயாளிகள் 35, பயணம் 20, ஆசிரியர் 15, நிலமும் விரிவாக்கமும் 15, செலவு 10, சமூகத் தேவை 5. ‘அ’ இடம் இதே வரிசையில் பத்துக்கு 9, 5, 8, 4, 4, 5 வாங்குகிறது. மொத்தம் ஆயிரத்துக்கு 660. ‘ஆ’ இடம் 5, 8, 6, 9, 9, 7 வாங்குகிறது, மொத்தம் 685. ‘ஆ’ முந்துகிறது.

இப்போது நோயாளிகளின் எடையை 45 ஆக்கி, நிலத்தை 10, செலவை 5 ஆக்கிப் பாருங்கள். ‘அ’ 710, ‘ஆ’ 645. முடிவு தலைகீழாகிவிட்டது. எடையைச் சற்று அசைத்தாலே மாறும் முடிவை முடிவென்று அறிவிக்காதீர்கள். எந்த ஒரு எண் இந்த மாற்றத்தை உண்டாக்குகிறதோ அதைத் தேடி, அதை மட்டும் மீண்டும் அளவிடுங்கள். இங்கே அது நோயாளிகளுக்கு ‘ஆ’ வாங்கிய 5. அந்த மருத்துவமனையின் பிரசவ, குழந்தை மருத்துவக் கணக்கை இன்னொரு முறை திறந்துபார்க்கவேண்டும்.

இரட்டை எண்ணிக்கையையும் கவனியுங்கள். “மருத்துவமனைக்கு அருகில்”, “பயண நேரம் குறைவு”, “ஆசிரியருக்கு வசதி” என்று மூன்று தலைப்பு வைத்தால் ஒரே குணத்துக்கு மூன்று முறை மதிப்பெண் போய்விடும்.

11. 30 ஆண்டுச் செலவு

நிலத்தின் விலை ஒருமுறைச் செலவு. தூரத்தில் கிடைத்த இலவச நிலத்தோடு அணுகுசாலை, கழிவுநீர் சுத்திகரிப்பு, கூடுதல் விடுதி அறைகள், ஆசிரியர் குடியிருப்பு, பேருந்துகளும் ஓட்டுநர்களும் வருவார்கள். இவற்றில் பல ஆண்டுதோறும் வரும். ஒவ்வோர் இடத்துக்கும் 30 ஆண்டுச் செலவை ஒரே அட்டவணையில் எழுதுங்கள். கொடையாளர் நிபந்தனைகளையும் அதில் எழுதுங்கள்: நிலத்தை அடமானம் வைக்கலாமா, ஒரு பகுதியை வேறு பயனுக்கு மாற்றலாமா, குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் திரும்பப் போய்விடுமா?

12. கையெழுத்துகளின் வரிசை

முதலில் மருத்துவமனையோடு இணைப்பு ஒப்பந்தம், பிறகு நிலம். தலைகீழாகச் செய்தால் பேரம் பேசும் வலு உங்களிடம் இருக்காது. நிலம் வாங்கியவர் வேறெங்கும் போகமுடியாது என்பது மருத்துவமனைக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தில் துறைவாரியாக மாணவர் எண்ணிக்கை, மற்ற கல்வி நிறுவனங்களுக்கு மேல் முன்னுரிமை உண்டா, கற்பிக்கும் நேரத்துக்கான ஊதியம், மாணவரால் நேரும் பிழைக்குப் பொறுப்பு, இடையில் விலகினால் ஏற்கெனவே சேர்ந்த மாணவர் படித்து முடிக்கும்வரை பயிற்சி தொடரும் என்ற உறுதி ஆகியவை இருக்கவேண்டும். கடைசி வாசகம் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

நிலத்துக்கு நேரடியாக வாங்காமல், அங்கீகாரத்தின் முதல் கட்டம் கிடைத்தால் வாங்குவோம் என்ற நிபந்தனை ஒப்பந்தம் போட்டு முன்பணம் கட்டுங்கள். இரண்டாவதாக வந்த இடத்துக்கும் அதே காலத்துக்குச் சிறு முன்பணம் கட்டிவைப்பது வீண்செலவாகாது. உரிமையிலோ மண்ணிலோ கடைசி நேரச் சிக்கல் வந்தால், ஓராண்டு பின்தங்காமல் மாற்று இடத்துக்கு நகரலாம்.

ஆய்வறிக்கையில் நீக்கப்பட்ட இடங்களையும், எந்த நாளில் எந்த அளவீட்டால் நீக்கப்பட்டன என்பதையும் சேர்த்துவிடுங்கள். முடிவு அறிவித்த மறுவாரமே அவற்றில் ஒன்றைப் பற்றிக் கேள்வி வரும். அப்போது எடுத்துக்காட்ட அந்தப் பக்கம் வேண்டும்.